வாடாமல்லி கேட்டால் வாடாமல்லியே வருமா? இளம்பிள்ளை சேலையும் செல்போன் கேமராவும்

சேலத்திலிருந்து சிவதாபுரம் வழியாக மேற்கே போகும் பேருந்தில் ஏறினால், கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோயிலைத் தாண்டி, இருபது கிலோமீட்டருக்குள் இளம்பிள்ளை வந்துவிடும். ஊர் பெயர்ப் பலகையைத் தேட வேண்டியதில்லை. விசைத்தறிச் சத்தமே இறங்கச் சொல்லிவிடும்.

கடைவீதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சேலைதான். அசல் பட்டுக்குக் காசு கொடுக்க முடியாத வீட்டுக்கும் பட்டு மாதிரியே பளபளக்கிற சேலையைக் கொடுப்பது இந்த ஊரின் சாமர்த்தியம். கல்யாணத்துக்கு முன்னால் சொந்தபந்தங்களுக்கு மொத்தமாகச் சேலை எடுக்க வருகிறவர்கள் ஒரு பக்கம். ஊருக்கே வராமல் வாட்ஸ்அப்பில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் கடைக்குக் கடை ஸ்டாண்டில் ஒரு போன் நிற்கிறது. மற்ற ஊர்களில் போன் வாங்கும்போது செல்ஃபி எப்படி, கேம் எப்படி என்று பார்ப்பார்கள். சேலை விற்கிறவர்களுக்கு ஒரே கேள்வி: படத்தில் இருக்கும் கலரும் கையில் இருக்கும் கலரும் ஒன்றா?

கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்வியில் நிறையப் பேருடைய வருமானம் மாட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இருந்தபடி சேலை விற்கும் பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சேலையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. மொத்தக் கடை அனுப்பும் படத்தைத் தங்கள் குரூப்பில் போட்டு ஆர்டர் பிடிக்கிறார்கள். பார்சலைப் பிரித்த வாடிக்கையாளர் “படத்துல வேற கலர் இருந்துச்சே” என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஒரு சேலையில் நிற்கும் சின்ன லாபத்தைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவே தின்றுவிடும். அடுத்த முறை அந்த வாடிக்கையாளர் வருவாரா என்பது தனிக் கவலை.

சரி, யார் பொய் சொன்னது? பெரும்பாலும் யாரும் சொல்லவில்லை. போன்தான் கொஞ்சம் அழகுபடுத்திச் சொல்லியிருக்கும்.

இன்றைய போன் கேமரா பார்த்ததை அப்படியே தருவதில்லை. பட்டனை அமுக்கியதும் பல படங்களை எடுத்துச் சேர்த்து, நிழலை வெளுப்பாக்கி, கலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டுத்தான் நமக்குக் காட்டுகிறது. பிறந்தநாள் கேக்குக்கும் கடற்கரைக்கும் இது நன்றாக இருக்கும். அரக்குச் சேலைக்கு ஆகாது. அரக்கு சிவப்பாகிவிடும், சிவப்பு எரியும் சிவப்பாகிவிடும். அதிகச் சிவப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்சாரின் சிவப்புப் பகுதி நிரம்பி வழிந்து, உள்ளே இருக்கும் புட்டாவும் நெசவும் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாகப் பதிவாகும். வாடாமல்லி அதைவிட மோசம். சில போன்களில் நீலமாகவும் சிலவற்றில் ராணி பிங்க்காகவும் மாறி நிற்கும்.

இதெல்லாம் மெகாபிக்சலால் தீராது. 50 மெகாபிக்சல் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும், பெரும்பாலான போன்கள் சாதாரணமாக எடுக்கும்போது நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. சென்சார் எவ்வளவு பெரியது, கலரை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதுதான் சேலைக்கு முக்கியம். அட்டைப்பெட்டியில் அதைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

நெசவாளர் குடும்பத்துக்கு மெகாபிக்சல் ஒன்றும் புதிதில்லை என்றும் சொல்லலாம். 1800-களின் தொடக்கத்தில் பிரான்சின் ஜோசப் மேரி ஜக்கார்டு கொண்டுவந்த தறியில், அட்டையில் ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. கம்ப்யூட்டருக்கே அதுதான் பாட்டன் என்பார்கள். சேலை டிசைனையும் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் தறிக்குக் கொடுக்கிறார்கள். ஆக, சேலையே ஒரு கட்டத்தாள். போன் சென்சாரும் இன்னொரு கட்டத்தாள். ஒன்றின் மேல் ஒன்று விழும்போது இரண்டும் சரியாகப் பொருந்தாது. பொடிக்கட்டம் போட்ட சேலையைப் படமெடுத்தால், சேலையில் இல்லாத அலை அலையான கோடுகள் படத்தில் வருவது இதனால்தான். போனை ஒரு அடி முன்னே பின்னே நகர்த்தினால் அலை போய்விடும்.

அடுத்தது வெளிச்சம். வாசலில் பகல் வெளிச்சம், உள்ளே எல்.இ.டி., ஷோகேஸில் மஞ்சள் விளக்கு என்று மூன்றும் கலந்த இடத்தில் எந்த போனும் தடுமாறும். ஒரே சேலையின் முந்தி ஒரு கலரிலும் உடல் ஒரு கலரிலும் வரும். பக்கத்துச் சுவர் பச்சை பெயின்ட் என்றால் அந்தப் பச்சையும் வெள்ளைச் சேலையில் ஏறிக்கொள்ளும். ஃபிளாஷ் போட்டாலோ ஜரிகை வெள்ளை வெளேர் என்று வெடித்துவிடும். பிளாஸ்டிக் கவரைக் கழற்றாமல் எடுத்த படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வெயில் நேரடியாக விழாத வாசல் நிழல்தான் சேலைக்கு நல்ல ஸ்டுடியோ. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால், அந்தத் தாள் படத்தில் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்தே கலரை நம்பலாமா என முடிவு செய்துவிடலாம். தாள் மஞ்சளடித்தால் சேலையும் மஞ்சளடித்திருக்கிறது என்று அர்த்தம்.

எந்த போனாலும் முழுசாகப் பிடிக்க முடியாத கலர் ஒன்று உண்டு. மயில்கழுத்து! பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நெய்வதால் அது பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நீலமாகவும் பச்சையாகவும் மாறும். ஒரே ஒரு போட்டோவில் எப்படி இரண்டையும் காட்டுவது? துணியைக் கையில் பிடித்து மெல்லத் திருப்பி ஒரு சின்ன வீடியோ எடுப்பதே வழி. வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் கேமரா கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத துடிப்பு கேமராவுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எடுத்த படம் சரியாகவே இருக்கட்டும். அது போய்ச் சேரும் ஸ்கிரீன்?

இதற்கு 2015-ல் உலகமே சாட்சி. ஸ்காட்லாந்துக் கல்யாணம் ஒன்றுக்கு மணப்பெண்ணின் அம்மா எடுத்த உடையின் படம் அந்த பிப்ரவரியில் இணையத்தில் பரவியது. பாதிப் பேர் வெள்ளையும் தங்கமும் என்றார்கள், மீதிப் பேர் நீலமும் கறுப்பும் என்றார்கள். நிஜ உடை நீலமும் கறுப்பும்தான். ஒரே ஸ்கிரீனை ஒன்றாகப் பார்த்தவர்களே அடித்துக்கொண்டார்கள். இளம்பிள்ளைப் படம் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு ஸ்கிரீனில் திறக்கிறது.

அமோலெட் ஸ்கிரீனில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வேண்டுமென்றால் அணைந்துவிடும். அதனால் கறுப்புச் சேலை கறுப்பாகவே தெரியும். எல்.சி.டி.யில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிவதால் அதே சேலை கொஞ்சம் சாம்பல் பூசியது போல் இருக்கும். ஆனால் அமோலெட் வைத்திருப்பவர்கள் ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். பல போன்களில் ‘விவிட்’ என்ற அமைப்பு கடையிலிருந்தே ஆன் செய்யப்பட்டு வருகிறது. கிளிப்பச்சை கண்ணைப் பறிக்கும். சேலை வந்ததும் “சாயம் போன மாதிரி இருக்கே” என்று தோன்றும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் ‘நேச்சுரல்’ என்று மாற்றிப் பாருங்கள். முதல் நாள் டல்லாகத் தெரியும், பிறகு பழகிவிடும்.

இன்னொரு வில்லன் ராத்திரியில் வருகிறான். சமையல் முடித்து, சீரியல் முடித்து, படுத்துக்கொண்டு சேலை பார்ப்பவர்கள் அதிகம். அந்த நேரத்தில் போன் தானாகவே கண் பாதுகாப்பு மோடுக்குப் போய் நீலத்தைக் குறைத்திருக்கும். பால் வெள்ளைச் சேலை சந்தன நிறமாகத் தெரியும். சந்தனம் என்று நினைத்து ஆர்டர் போட்டால் வருவது வெள்ளைதான். கடைக்காரர் மேல் கோபப்படுவதற்கு முன் அந்த மோடை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பது நல்லது.

நடுவில் வாட்ஸ்அப் செய்யும் வேலையும் இருக்கிறது. சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஜரிகையின் பொடி வேலை முதலில் கரையும். 2023 ஆகஸ்டில் ஹெச்.டி. வசதி வந்தது. டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போகும். வந்த படத்தை ஃபார்வர்டு செய்வதால் பெரிய நஷ்டமில்லை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பழைய விலையை வெட்டி, புது விலையை எழுதி, மறுபடி ஸ்டேட்டஸில் போடும்போதுதான் சேலை ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது.

அப்படியானால் போன் வாங்கும்போது எப்படிச் சோதிப்பது? போன் கடையில் ஓடும் டெமோ வீடியோவைப் பார்த்து மயங்கினால் ஏமாற்றம்தான். எந்த ஸ்கிரீனிலும் அழகாகத் தெரிவதற்கென்றே எடுக்கப்பட்டது அது. வீட்டிலிருந்து மூன்று ரவிக்கைத் துணி எடுத்துப் போங்கள். ஒன்று நல்ல சிவப்பு, ஒன்று வாடாமல்லி, ஒன்று கறுப்பில் கறுப்பு டிசைன் போட்டது. கடை விளக்கில் ஒரு படம், வாசலுக்கு வந்து ஒரு படம். துணியை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பாருங்கள். சிவப்பில் நெசவு தெரிகிறதா? வாடாமல்லி வாடாமல்லியாக இருக்கிறதா? கறுப்பில் டிசைன் பிரிந்து தெரிகிறதா? வாசலில் நிற்கும்போதே வெயிலில் ஸ்கிரீனைப் படிக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடலாம். விளம்பரத்தில் வரும் ‘பீக் நிட்ஸ்’ எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் திரையின் சிறு பகுதி சில நொடிகள் எட்டும் உச்சம் மட்டுமே.

கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும், காசு உங்களுடையது.

இளம்பிள்ளைக்கே நேரில் போகிறவர்கள் இருட்டுவதற்கு முன் போய்விடுங்கள். பிடித்த சேலையை வாசல் வரை கொண்டுவந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம், துணிக்கடைகளில் அது எப்போதும் உள்ள வழக்கம்தான். வீட்டில் அம்மாவுக்குப் படம் அனுப்பிக் கேட்பதாக இருந்தால் அதையும் வாசலில் வைத்தே எடுங்கள், ஹெச்.டி.யில் அனுப்புங்கள். அம்மா போனில் கண் பாதுகாப்பு மோடு ஆன் ஆகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு கலரைக் கேளுங்கள்.