அகலத் திரையில் பருத்துப்போன முகங்கள்

அகலத் திரைத் தொலைக்காட்சிகள் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த பின்னர், பழைய மனிதர்கள் எல்லோரும் ஒரே நாளில் பருத்துப் போனார்கள். ஒல்லியான பாடகர், நெடிதுயர்ந்த அரசியல்வாதி, வாடிய முகத்துடன் செவ்வி தந்த எழுத்தாளர் எவரும் தப்பவில்லை. அவர்களுக்குப் பின்னால் தொங்கிய சுவர்க் கடிகாரம்கூட முட்டை வடிவமாயிற்று. காரணம் எளிய கணக்குத்தான். பழைய ஒளிநாடாக்களில் உள்ள படம் 4:3 அளவிலானது. நான்கு பங்கு அகலத்துக்கு மூன்று பங்கு உயரம். இன்றைய திரையோ 16:9. உயரத்தை மாற்றாமல் அந்தப் படத்தை இந்தத் திரை முழுவதும் இழுத்துப் பரப்பினால், ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும்.

பத்திரிகைக்காரன் கண்ணுக்கு இது சற்று அதிகமாகவே உறுத்தும். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில், புகைப்படத்தைப் புளொக் செய்ய அனுப்புமுன் அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு இழுப்போம். அந்தக் கோட்டின் எந்தப் புள்ளியில் அளவை நிறுத்தினாலும் படம் சிறுக்குமே தவிர உருமாறாது. இரண்டு பத்திக்குள் படம் அடங்கவில்லையென்றால் ஓரத்தை வெட்டுவோம், அல்லது செய்தியைக் குறைப்போம். ஆளை நசுக்கி அடக்கும் எண்ணம் எவருக்கும் வந்ததில்லை. அந்தத் தொழில்நுட்பத்தில் அதற்கு இலகுவான வழியும் இருக்கவில்லை என்பது வேறு விடயம். ஓரத்தை வெட்டுவதிலும் வில்லங்கம் உண்டு. குழுப் படத்தில் கடைசியாக நின்றவரை வெட்டிவிட்டால், மறுநாள் காலை அவர் அலுவலக வாசலில் நிற்பார்.

4:3 என்ற அளவு தொலைக்காட்சியின் கண்டுபிடிப்பு அன்று. 1890களின் தொடக்கத்தில், தோமஸ் எடிசனின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வில்லியம் டிக்சன், 35 மில்லிமீற்றர் படச்சுருளில் ஒரு சட்டத்துக்கு நான்கு துளைகள் என்று வகுத்தபோது பிறந்தது அது. சினிமா அதைப் பின்பற்றியது. தொலைக்காட்சி சினிமாவைப் பின்பற்றியது. பின்னர் தொலைக்காட்சி இரசிகர்களை வீட்டிலேயே இருத்தி வைக்கத் தொடங்கவும், வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்ட வேண்டிய கட்டாயம் ஹொலிவூட்டுக்கு வந்தது. 1953இல் ‘த றோப்’ திரைப்படத்துடன் சினிமாஸ்கோப் அறிமுகமாயிற்று. தமிழுக்கு அது 1973இல், ‘ராஜராஜ சோழன்’ மூலம் வந்தது.

அகலமாக எடுத்த படங்களை ஒருநாள் அந்தச் சிறு பெட்டிக்குள்ளும் காட்ட வேண்டி வந்ததுதான் இதில் வேடிக்கை. சினிமாஸ்கோப் சட்டத்தை 4:3 திரை நிறையக் காட்டுவதென்றால் அதன் அகலத்தில் நாற்பது வீதத்துக்கு மேல் வெட்டியாக வேண்டும். திரையின் இரு கரைகளிலும் நின்று இருவர் உரையாடும் காட்சியில் எஞ்சுவது நடுவிலிருக்கும் அரண்மனைத் தூண் மட்டுமே. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் காட்டலாம்தான். ஆனால், காசு கொடுத்து வாங்கிய திரையில் பாதியை ஏன் கறுப்பாக விடுகிறார்கள் என்று பார்ப்பவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே உலகெங்கும் படங்கள் வெட்டப்பட்டன. இணங்காத இயக்குநர்களும் இருந்தார்கள். தமது ‘மான்ஹட்டன்’ திரைப்படம் வீட்டு ஒளிநாடாவாக வெளிவந்தபோது, அகலம் குறையாமல் பட்டைகளுடனேயே வெளிவரச் செய்தார் வூடி அலன்.

16:9 ஒரு சமரச அளவு. அமெரிக்கப் பொறியியலாளர் கேர்ன்ஸ் பவர்ஸ், 1980களில், புழக்கத்தில் இருந்த அளவுகளையெல்லாம் ஒரே பரப்புள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உட்செவ்வகமும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமைந்தன. அதுவே இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எல்லாரோடும் ஓரளவு ஒத்துப்போவது, எவருக்கும் முழுமையாகப் பொருந்தாதது. ஒரு நல்ல அரசியல் தீர்வைப் போல என்று சொல்ல வந்தேன். வேண்டாம், அதை விட்டுவிடுவோம்.

1990களின் இறுதியில் அகலத் திரைக்கு மாறத் தொடங்கிய பி.பி.சி. கையாண்ட முறை எனக்குப் பிடித்திருந்தது. பழைய பெட்டி வைத்திருந்தவர்களுக்கு 16:9 படத்தை அப்படியே அனுப்பினால் பட்டைகள் தடித்துவிடும். முழுவதும் நிரப்பினால் கால்வாசி அகலம் போய்விடும். எனவே இரண்டுக்கும் நடுவே 14:9 என்று வைத்தார்கள். பக்கத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு வெட்டு, மேலும் கீழும் மெல்லிய பட்டை. முக்கியமான எதுவும் ஓரத்துக்குப் போய்விடாதபடி படம்பிடிக்க வேண்டியது ஒளிப்பதிவாளர் பொறுப்பு. எதை இழக்கிறோம் என்று அறிந்து, அளந்து இழந்தார்கள்.

இப்போது நடக்கும் இழப்பு அத்தகையதன்று. எண்முறை ஒளிபரப்பில் நமது பகுதிகளில் பழகிய சாதாரணத் தரப் படம் 720க்கு 576 புள்ளிகளைக் கொண்டது. படம் 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும் புள்ளிகளின் எண்ணிக்கை அதுவேதான். எந்த வடிவில் விரிக்க வேண்டும் என்பதைப் படத்தோடு பயணிக்கும் ஒரு சிறு குறிப்பு தொலைக்காட்சிக்குச் சொல்கிறது. நாடாவிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து ஒளிபரப்புக் கூடத்துக்கும், அங்கிருந்து இணையத்துக்கும் கைமாறும்போது எங்காவது ஓரிடத்தில் அக்குறிப்பு உதிர்ந்துவிட்டால் முகங்கள் பருக்கும். கூடத்தில் இருப்பவர் திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும். பார்ப்பதில்லை.

எனக்கு மூத்த பத்திரிகையாளர் ஒருவர் 1990களில் அளித்த அரைமணி நேரச் செவ்வி ஒன்றே, அவர் அசைந்து பேசும் படமாக எஞ்சியிருக்கிறது. போரும் இடப்பெயர்வும் அள்ளிச் சென்றவை போக, எங்களவர் பலருக்கு அவ்வளவுகூட எஞ்சவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின் புலம்பெயர் நாடொன்றிலுள்ள தமிழ் அலைவரிசை அதை மறு ஒளிபரப்புச் செய்தது. முதற் பாதி முழுவதும் இழுக்கப்பட்டிருந்தது. யாரோ முறையிட்டிருக்க வேண்டும். இரண்டாம் பாதியில் இழுப்பதை விட்டு, மேலும் கீழும் வெட்டினார்கள். 4:3 படத்தை 16:9க்கு வெட்டினால் உயரத்தில் கால்வாசி போகும். நெற்றிக்கு மேல் தலை இல்லை. மேசையில் தட்டித் தட்டிப் பேசும் அவரது கைகள் இல்லை. கீழே பொறித்திருந்த பெயர், எழுத்துகளின் கால்கள் அறுந்து வாசிக்க முடியாமற் போயிற்று. ரொறன்ரோவிலிருந்து அவர் மகன் என்னை அழைத்துச் சொன்னார்: “அண்ணை, பெடியன் கேக்கிறான், அப்பப்பா இவ்வளவு குண்டோ எண்டு.” ஐம்பது கிலோவைத் தாண்டாத மனிதர் அவர்.

பெரிய நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. 1973இல் பிரித்தானியாவில் ஒளிபரப்பான ‘த வேர்ல்ட் அட் வோர்’ தொடர், இரண்டாம் உலகப் போரின் அசல் ஒளிப்பதிவுகளைக் கொண்டு தொகுக்கப்பட்டது. 2010இல் அதைத் துப்புரவாக்கி மீள வெளியிட்டவர்கள் படத்தை 16:9க்கு வெட்டினார்கள். போர்க்களத்தில் உயிரைக் கையில் பிடித்தபடி ஒருவர் வகுத்த சட்டத்தின் மேலும் கீழும், வரவேற்பறைத் திரை நிரம்புவதற்காகக் கத்தரிக்கப்பட்டன. கார்ட்டூன் பாத்திரங்களுக்கு அதைவிட நல்ல காலம். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ், ‘த சிம்ப்சன்ஸ்’ தொடரின் பழைய பகுதிகளை வெட்டி வெளியிட்டது. மூன்று வகை பியர்த் தொட்டிகளுக்கும் ஒரே குழாயிலிருந்து பியர் வருவதுதான் ஒரு காட்சியின் நகைச்சுவை. வெட்டியதில் அந்தக் குழாய் காணாமற் போயிற்று. இரசிகர்கள் சத்தமிட்டார்கள். 2020 மே மாதத்தில் 4:3 வடிவம் திரும்பக் கிடைத்தது.

ரொறன்ரோக்காரருக்கு ஒரு வழி சொன்னேன். ரிமோட்டில் பட அளவைத் தெரிவு செய்து 4:3 என்று வைத்தால், இழுத்த படம் மீண்டும் தன் உருவுக்கு ஒடுங்கும். அவர் பதிவுசெய்து வைத்திருந்ததைப் போட்டுப் பார்த்தார். முதற் பாதியில் தகப்பனார் மெலிந்து திரும்பி வந்தார். இரண்டாம் பாதிக்கு அந்தப் பொத்தான் உதவாது. மூல நாடா எவரிடமாவது இருக்கிறதா என்று கேட்டு அந்த அலைவரிசைக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.