எந்தப் பாண்டவன்?

சென்ற விடுமுறையில் தாயகம் சென்றிருந்த பொழுது, எங்கள் பாட்டனார் பிறந்த மண்ணை மக்களுக்குக் காட்ட விரும்பிப் பெருங்கடவிளைக்குச் சென்றோம். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் பெருஞ்சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் நெய்யாற்றின்கரை உள்ளது. அங்கிருந்து சாலையை விட்டு உள்ளே மலைப்பக்கம் திரும்பினால், தென்னையும் வாழையும் மரச்சீனியும் இரப்பரும் அடர்ந்த மேடுபள்ளங்களினூடே அவ்வூர் வருகிறது. இப்பக்கத்தில் 'விளை' என்றால் தோட்ட நிலம். ஊர்ப்பெயர்கள் பல அதில் முடிகின்றன.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு அவ்வாறு விழுந்ததே தவிர, நாவு இரண்டுபடவில்லை. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சந்தைக்குச் செல்வோர் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவதை இன்றும் கேட்கலாம்.

பாட்டனாரின் வீட்டு மனையை நாங்கள் காணவில்லை. அவர் இளமையிலேயே மலாயாத் தோட்டத்திற்குக் கப்பலேறியவர். அவர் பெயரைச் சொல்லி நாலைந்து இடங்களில் விசாரித்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. மனம் சோர்ந்து ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த பொழுது, "இவ்வளவு தூரம் வந்தீர்கள், பாண்டவன் பாறையைப் பார்க்காமல் போகலாமா?" என்றார் அங்கிருந்த முதியவர் ஒருவர்.

அவரே எங்களோடு நடந்தார். வனவாச காலத்தில் பாண்டவர் தங்கிய இடம் இது என்பது ஊராரின் நம்பிக்கை. பழங்கால மனிதர் கல்லில் கீறிய கோடுகள் இப்பாறையில் உள்ளன. கீறிய கைகளுக்கு உரியவர் பெயர் எவருக்கும் தெரியாது. அக்கோடுகளைத் தடவிப் பார்த்த எங்கள் இளைய மகன், "பாண்டவன் என்றால் எந்தப் பாண்டவன்? அர்ச்சுனனா, பீமனா?" என்று கேட்டான்.

முதியவர் சிரித்தார். "அஞ்சு பேரும்தான், மக்களே. ஒருத்தனை விட்டுட்டா பாண்டவரு ஆகுமா?" என்றார்.

அச்சொல் எங்கள் நெஞ்சில் தைத்தது. ஐவரில் மூவரைத்தானே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தோம்! தருமனுக்குப் பொறுமை, பீமனுக்குக் கதை, அர்ச்சுனனுக்கு வில். நகுலனும் சகாதேவனும் எண்ணிக்கையை நிரப்புவதற்காகவே பிறந்தவர் போல நின்றுவிட்டார்கள்.

வியாசர் அவர்களை அவ்வாறு விடவில்லை. இராசசூய வேள்விக்கு முன் நால்வரும் நான்கு திசைகளை வெல்லப் புறப்பட்டனர். அர்ச்சுனன் வடக்கே சென்றான். பீமன் கிழக்கே சென்றான். நகுலன் மேற்கே சென்றான். நம் தென்திசைக்கு வந்தவன் சகாதேவனே. அவன் பாண்டிய மன்னனோடு ஒரு பகல் முழுதும் பொருதான் என்றும், கேரளர் முதலியோரைத் தூதின் மூலமே இணங்கச் செய்தான் என்றும் சபாபருவம் கூறுகிறது. சூதாடிய சபையில் சகுனியைக் கொல்வேன் எனச் சூளுரைத்தவனும் அவனே. பதினெட்டாம் நாளில் அதை முடித்தவனும் அவனே. அதே நாளில் கர்ணனின் புதல்வர் மூவரை நகுலன் வீழ்த்தினான். விராடன் ஊரில் இருவரும் குதிரையும் பசுவும் மேய்த்து ஓராண்டைக் கழித்தனர். இருவரும் தம் தொழிலை ஆரவாரமின்றிச் செய்தார்கள். ஆரவாரமின்றிச் செய்தவர்களை உலகம் எளிதில் மறந்துவிடுகிறது.

ஆயினும் மலைநாட்டு மக்கள் மறக்கவில்லை. செங்கன்னூரைச் சுற்றிலும் பாண்டவர் ஐவரும் ஆளுக்கொன்றாக வழிபட்டவை எனப்படும் ஐந்து திருமால் கோயில்கள் உள்ளன. தருமனுக்குத் திருச்சிற்றாறு, பீமனுக்குத் திருப்புலியூர், அர்ச்சுனனுக்குத் திருவாறன்விளை என்பர். நகுலனுக்குத் திருவண்வண்டூரும், சற்றுத் தள்ளிச் சங்கனாச்சேரிப் பக்கம் சகாதேவனுக்குத் திருக்கடித்தானமும் உரியன. ஐந்தையும் நம்மாழ்வார் தமிழால் பாடியிருக்கிறார். இங்கே மூத்தவனுக்கு ஒன்று, இளையவனுக்கு அரை என்ற கணக்கில்லை.

தமிழகத்தில் அரவானின் கதையும் இத்தகையதே. வியாசரின் நூலில் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் மடியும் ஓர் இளைஞன் அவன். தமிழ் மக்களோ அவனைப் பாண்டவர் வெற்றிக்காகத் தன்னையே களப்பலியாக ஈந்தவனாகப் போற்றினர். ஆண்டுதோறும் சித்திரையில் கூவாகத்தில் அவனுக்காக அழுகின்றனர். கடல் கடந்தவர்களும் அவனை விட்டுச் செல்லவில்லை. 1827ஆம் ஆண்டு தோன்றிய சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் திரௌபதிக்குத் தீமிதி நடக்கிறது. அங்கே அரவானுக்கும் இடமுண்டு. கையில் காசில்லாமல் கப்பலேறிய நம் முன்னோர், பெருங்காப்பியம் ஓரிரு இடங்களில் சொல்லிச் சென்ற ஒரு வீரனை நெஞ்சில் சுமந்து சென்றார்கள். அது ஏன்? பிறர் வாழத் தாம் மடிவது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெயரே இல்லாத வீரர்களையும் ஒருவன் நினைத்தான். பாரதப் போரில் இரு படைக்கும் பெருஞ்சோறு அளித்தவன் என்று சேரமான் உதியஞ்சேரலாதனைப் புறநானூற்றின் இரண்டாம் பாட்டு புகழ்கிறது. வென்றவன் யார், தோற்றவன் யார் என்று அச்சோறு கேட்கவில்லை. அங்கே உண்டவர் எத்தனை ஆயிரம் பேரோ! அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை.

மாலை வெயில் சாயும் பொழுது பாறையிலிருந்து இறங்கினோம். பாட்டனார் பெயரை ஊர் மறந்ததற்காகக் காலையில் வருந்தினோம் அல்லவா? இறங்கும் பொழுது அவ்வருத்தம் எங்கள் பக்கமே திரும்பியது. அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு நாங்கள்தாம் சொல்லவில்லை. தோட்டத்தில் மரம் சீவியவர், பாதை போட்டவர், அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த பாட்டிமார் ஆகியோர் நம் குடும்பப் பாரதத்தின் நகுல சகாதேவர்கள். ஊர் அவர்களுக்குக் கல்வெட்டு எழுதாது. நாம்தான் எழுத வேண்டும்.

அன்றிரவே குடும்ப ஏட்டைத் திறந்து, தெரிந்த பெயர்களை எல்லாம் முறையோடு எழுதினோம். சிலவற்றுக்கு முதுமக்களிடம் கேட்க வேண்டியிருந்தது. சில கிடைக்கவே இல்லை. அன்பர்களும் தத்தம் இல்லத்தில் பெரியோர் இருக்கும் பொழுதே கேட்டு எழுதி வையுங்கள். பாரதக் கதை சொல்லும் இரவில் ஐவரையும் சொல்லுங்கள், அரவானையும் சொல்லுங்கள். அதன் பின், "இனி நம் வீட்டுக் கதை" என்று தொடங்கி, அந்த ஏட்டையும் படித்துக் காட்டுங்கள்.