ஒன்றேகால் மணி நேரம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு குட்டித் தீவுகள். இரண்டிலும் விமானத்தளம் உண்டு. நடுவே 2.7 கிலோமீட்டர். 1967 முதல் லோகன்ஏர் விமானம் ஓடுகிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம்; காற்று வாகாக அடித்த ஒருநாள் 53 விநாடியில் இறங்கிவிட்டார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். நண்பன் சிரிக்கவில்லை. "பலாலிக்கு எவ்ளோ நேரம்டா?" என்றான்.

அவன் கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தவன். அப்பா அம்மா 1990இல் படகேறி வந்தவர்கள். பேச்சு முழுக்க நம்ம ஊர்ப் பேச்சு. வீட்டுக்குள் போனால் மட்டும் யாழ்ப்பாணம் வந்துவிடும்.

மீனம்பாக்கத்திலிருந்து பலாலி நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம். எங்கள் ஆரணியிலிருந்து (திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி இல்லை, ஆரணி ஆற்றங்கரை ஆரணி) பெரியபாளையம், செங்குன்றம் என்று பஸ் மாறி மீனம்பாக்கம் போய்ச் சேரவே அதைவிட அதிகம் ஆகும்.

இது புது வழியும் இல்லை. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ்காரர்கள் போட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானமே ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மெட்ராஸ் வந்தது. பிறகு யுத்தம். 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது.

டிக்கெட் காசைச் சேர்த்துவிடலாம். பாஸ்போர்ட்? இரண்டு பெற்றோரும் அகதிகள், பிறந்தது 1987 ஜூலைக்குப் பிறகு. அதனால் இந்தியக் குடியுரிமை இல்லை. இலங்கைக் குடியுரிமைக்குச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிறகு இங்கிருந்து வெளியேற அனுமதி. "போனா போனதுதான்டா. திரும்பி முகாமுக்கு வரமுடியாது. எம் பிள்ளைங்க இங்க படிக்குதுங்க," என்றான். சும்மா ஒரு வாரம் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வருவது என்பது அவன் கணக்கில் இல்லாத பயணம். தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பவர்கள் மேல் எனக்கு அன்றிலிருந்து கொஞ்சம் எரிச்சல்.

அவன் அம்மா விடவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது, "தம்பி, எவ்வளவு நேரமெண்டு சொன்னீங்களாம்?" என்றார்.

"ஒன்றேகால் மணி நேரம்மா."

"அவ்வளவுதானோ? நாங்கள் வரேக்க ஒரு இரவு முழுக்கக் கடலில கிடந்தனாங்கள். இவற்ற அப்பா வாளியால தண்ணி இறைச்சுக்கொண்டே வந்தவர்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அக்காவுக்குக் கட்டக்கூடிய மாதிரி நூல் சேலை ஆரணியில் என்ன விலை வரும் என்று கேட்டார்.