சைக்கிளில் கேமரன் மலை: கிளம்பும் முன் ஒரு கணக்கு

கேமரன் மலைக்குப் போய் வராத தோட்டத்துக் குடும்பம் நம்மிடையே குறைவு. பள்ளிச் சுற்றுலா என்றும் உறவினர் வீட்டுக் கல்யாணம் என்றும் பேருந்தில் ஏறி, வளைவுக்கு வளைவு தலைசுற்றி, புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு போய் வந்திருப்பீர்கள். அதே சாலையில் சைக்கிளில் போகவேண்டும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? "உனக்கென்ன பைத்தியமா?" என்றுதானே?

கொஞ்சம் பொறுங்கள். போகலாம்; பத்திரமாகப் போய்த் திரும்பவும் செய்யலாம். ஆனால் கிளம்பும் முன் ஒரு கணக்குப் போடவேண்டும். எத்தனை கட்டை தூரம் என்ற கணக்கு மட்டும் போதாது. எவ்வளவு ஏற்றம், என்ன தரை, எத்தனை மணிக்கு மழை என்ற மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு அது.

ஏற்றம்

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சமதரையில் இது நான்கு மணி நேர வேலை. ஆனால் தாப்பா இருப்பது மலையடிவாரத்தில். தானா ராத்தாவோ கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே. சராசரியாகப் பார்த்தால் நூறு மீட்டர் தூரத்துக்கு இரண்டு மீட்டர் ஏற்றம்தான். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இந்த மேட்டு நிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதினார். மோட்டார் வண்டிச் சாலை மேலே எட்டியதோ 1930-களின் தொடக்கத்தில்தான். வண்டி ஏறுவதற்காக மலைச் சாலையை வளைத்து வளைத்துப் போடுவார்கள். நம் வயிற்றைக் கலக்கும் அந்த வளைவுகள் சைக்கிள்காரனுக்குச் செய்வது உபகாரம்தான்.

அப்படியானால் சிரமம் எங்கே? இந்த ஏற்றம் ஓயாது என்பதில்தான். மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ரிங்லெட் வரை சுமார் 45 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் புறப்பட்டால், ஓய்வையும் சேர்த்து ஒன்றரை மணிக்குப் போய்ச் சேரலாம். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி இருக்கிறது. அங்கே பசியாறிவிட்டுப் புட்டிகளில் குடிநீரை நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் நாள் தங்கல் ரிங்லெட்டிலேயே இருக்கட்டும். அறைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

தோட்டத்துப் பழைய சைக்கிளில் ஒரு முறை மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். மலைக்கு அது ஆகாது. முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே அளவாக, ஒரு மிதிக்கு ஒரே சுற்று வரும் கியர் ஒன்றாவது இருக்கவேண்டும். புது சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. கடைக்காரரிடம் பின் பல்சக்கரத்தை மாற்றித் தரச் சொல்லலாம்.

தரை

இந்தப் பயணத்தில் மூன்று வகைத் தரை வரும். முதலாவது, உங்கள் தோட்டத்துச் செம்மண் சடக்கு. இரண்டாவது, தார்ச் சாலை. மூன்றாவது, மேலே தேயிலைக் காட்டுப் பாதை.

செம்மண்ணைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் களியாகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும்; காய்ந்தால் மேலே கிடக்கும் சரளைக்கல் உருண்டு ஆளைச் சறுக்கிவிடும். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் ஓட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது என்பது தானாகவே தெரியும். பட்டணத்துப் பிள்ளைகள் பணம் செலவழித்துப் பழகும் வித்தை இது. சைக்கிள் பயணம் பணக்காரர் விளையாட்டு என்று நினைக்கும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மெல்லிய பந்தய டயர் இந்தப் பாதைக்கு உதவாது. 40 மில்லிமீட்டர் அளவுக்குப் பருத்த டயர் போடுங்கள். மண்ணில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்து, தாருக்கு வந்ததும் பம்பால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் ரிங்லெட்டைத் தாண்டியதும் ஏரியும் அதன் அணைக்கட்டும் கண்ணில் படும். 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை அது. அடுத்து ஹாபு. அங்கிருந்து ஒரு குறுகிய சாலை போ தேயிலைத் தோட்டத்துக்குள் பிரிந்து போகிறது. 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய தோட்டம். மலைச்சரிவைத் திருத்தித் தேயிலை நட்டவர்களில் நம்மவர்கள் நிறைய. இன்று அங்கே கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பச்சைக் கம்பளம் என்று படத்தில் பார்த்ததை, அதில் உழைத்தவர்கள் ஏறி இறங்கிய மேடு என்று உங்கள் கால் அன்றைக்கு உணரும்.

உண்மையான சோதனையும் இங்கேதான். முதல் நாள் சாலை நீளம், ஆனால் சாய்வு குறைவு. தேயிலைப் பாதை குட்டை, ஆனால் சில இடங்களில் நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏற்றம். முதல் நாளே முழுப் பலத்தையும் செலவழித்தவர்கள் இங்கே நின்றுவிடுவார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமில்லை. பொதுச் சாலையை விட்டுத் தோட்டத்து உள்பாதையில் நுழைவதானால் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். நம் தோட்டத்தில் அந்நியர் கேட்காமல் நுழைந்தால் நமக்குப் பிடிக்குமா?

மழை

மலையில் காலை தெளிவாக இருக்கும். மழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை அதிகம். பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் பரவாயில்லை. மழையை விளையாட்டாக நினைக்காதீர்கள். 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீரைத் திறந்துவிட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. மலைச் சாலையில் மண்சரிவும் உண்டு. முந்தின நாளே சாலை நிலவரத்தை விசாரியுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் சாலையில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்றால் நடுக்கம் எடுக்கும். காய்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள்.

இறக்கம்

ஏறிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் பலர் மறப்பது இதைத்தான். உயிருக்கு ஆபத்து ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்தான். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்புக் குறையும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடவேண்டும். நனைந்த சக்கரத்தில் பிரேக் தாமதித்துத்தான் பிடிக்கும். காய்கறி லோரிகள் வரும் சாலை. வளைவில் நடுக்கோட்டைத் தாண்டவே கூடாது. மூன்றாம் நாள் காலையில், பனிமூட்டம் விலகிய பிறகு, தானா ராத்தாவிலிருந்து இறங்குங்கள். கிளம்பும் முன் பிரேக் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றாமல் இறங்கவேண்டாம்.

தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, இரண்டு டியூப், ஒட்டுப் போடும் சாமான், பம்பு, இரண்டு புட்டித் தண்ணீர், வாழைப்பழம், உப்பு சேர்ந்த ஏதாவது ஒரு தின்பண்டம் ஆகியவை கட்டாயம். தனியாகப் போகவேண்டாம், மூன்று பேராவது சேர்ந்து போங்கள். எங்கே, எத்தனை மணிக்கு இருப்போம் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பெற்றோர்களே, அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். ஏற்றமும் தரையும் மழையும் அதில் சரியாகக் கணக்கிடப்பட்டிருந்தால், "பைத்தியமா" என்று கேட்காமல் அனுப்பி வையுங்கள். கணக்கு இல்லையென்றால், போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.