தாமிரபரணியின் தாய்மலை: பொதிகைக்கு ஏறும் வழியும் ஏறக்கூடாத வழியும்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல்களில் நின்று மேற்கே பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது. அதன் உச்சிகளில் ஒன்றுதான் அகத்தியர் மலை என்கிற பொதிகை. உயரம் 1,868 மீட்டர். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாசனம் தரும் தாமிரபரணி இந்த மலையில்தான் பிறக்கிறது. ஆனால், அந்தத் தண்ணீரில் கார், பிசானம் என இரண்டு போகம் நெல் விளைவிப்பவர் மலை உச்சிக்குப் போக நினைத்தால், கேரளாவைச் சுற்றித்தான் போக வேண்டும்.

கிழக்கே, அதாவது தமிழகப் பக்கம், பாபநாசம், காரையாறு அணை, பாணதீர்த்தம், பூங்குளம் வழியாக மலைக்குப் பழைய பாதை உண்டு. இந்தக் காடு முழுவதும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமான இது 1988-ல் அமைந்தது. இந்த வழியாக உச்சிக்குச் செல்லப் பொதுமக்களுக்கு இப்போது அனுமதி இல்லை. காரையாற்றில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயில் வரை வனத்துறையின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் போய் வரலாம். ஆடி அமாவாசைக்கு அங்கு பெருங்கூட்டம் கூடும்.

உச்சிக்குச் செல்லும் வழி மேற்கே இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காடு செல்ல வேண்டும். பழைய தேயிலைத் தோட்டப் பகுதியான அங்கிருந்துதான் நடை தொடங்குகிறது. முதல் நாள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து அதிருமலை முகாமில் தங்க வேண்டும். ஆறுகள், புல்வெளிகள், யானை நடமாடும் காடு என வழி மாறிக்கொண்டே இருக்கும். ‘முட்டிடிச்சான்’ என்றே ஓர் ஏற்றத்துக்குப் பெயர். ஏறும்போது முழங்கால் முகத்தில் இடிக்கும் அளவுக்குச் செங்குத்து. மறுநாள் பொங்கலப்பாறை வழியாகச் சுமார் 6 கிலோமீட்டர் ஏற வேண்டும். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற முடியும். உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது.

இந்தக் காட்டின் பூர்வகுடிகள் காணி மக்கள். 1987-ல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிகள், ஒரு செடியின் காயைத் தின்றபடி களைப்பே இல்லாமல் நடந்தனர். அந்த ஆரோக்கியப் பச்சையிலிருந்து பின்னர் மருந்து தயாரானது. அதன் வருமானத்தில் காணி மக்களுக்கும் பங்கு கிடைத்தது.

தமிழகப் பாதை மூடப்பட்டிருப்பது பலருக்குக் குறைதான். ஆனாலும் விவசாயி இதில் ஒன்றை யோசிக்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. அந்த மழை ஒரே நாளில் ஓடிவிடாமல், சோலைக்காட்டின் சருகும் வேரும் புல்வெளியும் உறிஞ்சி வைத்து, சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. கோடையிலும் ஆற்றில் நீர் ஓடுவதற்கு இதுதான் காரணம். அணை தண்ணீரைத் தேக்கலாம், உண்டாக்க முடியாது. கூட்டமும் குப்பையும் நெருப்பும் இந்தக் காட்டுக்குள் புகுந்தால், நட்டம் கடைசி மடை வரை வரும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது.

போக விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

* பெரும்பாலும் ஜனவரி நடுவில் தொடங்கி, பிப்ரவரி அல்லது மார்ச் வரை அனுமதி உண்டு. தேதியைக் கேரள வனத்துறை அறிவிக்கும். இணையத்தில் முன்பதிவு கட்டாயம். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.
* அடையாள அட்டையுடன், உடல்தகுதிக்கான மருத்துவச் சான்றும் கேட்கப்படுகிறது. இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.
* கேரள உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின், 2019 முதல் பெண்களும் உச்சி வரை செல்கின்றனர்.
* பிளாஸ்டிக், மது, புகைக்கு அனுமதி இல்லை.
* கிழக்குப் பக்கம் யாராவது பணம் வாங்கிக்கொண்டு ‘குறுக்கு வழி’ காட்டினால் நம்ப வேண்டாம். பிடிபட்டால் வனச்சட்டப்படி வழக்கு. காட்டில் வழி தவறினால் தேடி வரவும் ஆள் இருக்காது.