ரெண்டடி தூரம்

கோல்ஃப்னாலே கோடீஸ்வரங்க விளையாட்டுன்னு ஒரு பேச்சு. நாங்க ரெண்டு பேரும் மதுரையிலிருந்து மாசம் ஒரு சனிக்கிழமை விடியக்காலையில் கிளம்பி, வத்தலகுண்டு தாண்டி மலையேறி, கொடைக்கானலில் 18 குழி ஆடிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்புற ஆசாமிகள். பெட்ரோல் காசு பாதிப் பாதி :-)

1895-ல் ஆரம்பிச்ச கிளப் அது. புல்வெளியில் காட்டெருமை சாவகாசமா மேயும். பந்து அது பக்கத்தில் விழுந்தா, ஆபத்தான மிருகம்னு சொல்லி வேற இடத்தில் வைத்து ஆட விதியே இடம் கொடுக்குது, அபராதம் கிடையாது. விதி இல்லாவிட்டாலும் நான் கிட்டே போகப் போறதில்லை, அது வேற விஷயம்.

அண்ணனுக்கு (கூடப்பிறந்தவர் இல்லை, என்னைவிடப் பத்து வயசு மூத்த நண்பர்) பைபாஸ் ஆகி 10 மாசம் கழிச்சு நாங்க ஆடின முதல் மேட்ச் இது. அவர் ஹாண்டிகேப் 17, எனக்கு 22. அதாவது கஷ்டமான 5 குழிகளில் அவர் எனக்கு ஆளுக்கு முன்னாடியே ஒரு ஸ்ட்ரோக் கொடுத்துடணும். 2020-ல் வந்த உலக ஹாண்டிகேப் முறையில் கடைசி 20 ஆட்டத்தில் சிறந்த எட்டை வைத்துத்தான் கணக்கு. மனுஷன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சதில் புது ஆட்டமே இல்லை, அதனால் பழைய 17 அப்படியே நிக்குது. "இந்த ஒரு தடவை சமமா ஆடுவோம்ணே"ன்னேன். முறைச்சார். சரின்னுட்டேன்.

வர்ற வழியெல்லாம் ஒரே புலம்பல். கார் ஓட்ட விடறதில்லை. அரிசி மூட்டையைத் தொட விடறதில்லை. ராத்திரி ரம்மி ஆடினா பேரன் முதற்கொண்டு வேணும்னே தோக்கறானாம். "எல்லாரும் விட்டுக்கொடுத்தே என்னைக் கொன்னுருவாங்க போல தம்பி."

ஆட்டம் மேட்ச் ப்ளே. ஒரு குழியில் பத்து ஸ்ட்ரோக் ஆனாலும் நஷ்டம் அந்த ஒரு குழிதான். பந்து ரொம்ப தூரம் போகலைன்னாலும் அவர் கை நிதானம் அப்படியே இருந்தது. 17 முடிஞ்சப்போ சமம். கடைசிக் குழியில் நான் 6-ல் முடிச்சுட்டேன். அவருக்கு 6-க்கு ஒரு பட் பாக்கி. ரெண்டடி தூரம்.

நண்பர்கள் ஆட்டத்தில் ரெண்டடின்னா, "எடுத்துக்குங்க"ன்னு சொல்றதுதான் வழக்கம். 1969 ரைடர் கோப்பையில், கடைசி மேட்ச்சின் கடைசிக் குழியில் ஜாக் நிக்லஸ் டோனி ஜாக்லினுக்கு இப்படித்தான் விட்டுக்கொடுத்தார். 16-16-ன்னு கோப்பை சமனில் முடிஞ்சது. இன்னிக்கும் உலகமே கொண்டாடுது. (அவரோட கேப்டன் சாம் ஸ்னீடுக்கு மட்டும் பிடிக்கலை!) ஆனா இதில் ஒரு விஷயம் இருக்கு. மேட்ச் ப்ளேயில் ஒரு தடவை கொடுத்துட்டா எதிராளி வேண்டாம்னு சொல்ல முடியாது. "இல்லப்பா, நான் போட்டே காட்டறேன்"னு போட்டாலும் அது கணக்கில் வராது. கொடுத்தா கொடுத்ததுதான்.

கேடி (நம்ம ஊர் கேடி இல்லீங்க, மட்டைப் பையைத் தூக்கி வர்றவர்) என் மூஞ்சியையே பார்க்கிறார். அண்ணன் பார்க்கலை. குனிஞ்சு புல்லின் சாய்வைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

நான் வாயே திறக்கலை.

பந்து குழியின் விளிம்பைச் சுத்திட்டு வெளியே வந்து நின்னுடுச்சு. அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது பாருங்க... இங்கே எழுத முடியாது. ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் வாயில் நான் கேட்ட முதல் கெட்ட வார்த்தை அது. மட்டையைத் தரையில் ஒரு குத்து குத்திட்டு, தொப்பியைக் கழட்டி கை கொடுத்தார். டீ அவர் செலவு.

கேடி அன்னிக்கு என்கிட்ட அப்புறம் பேசவே இல்லை. கேள்விப்பட்ட கிளப் ஆளுங்க ரெண்டு பேர், "மனுஷனாய்யா நீ"ன்னாங்க. இன்னொரு தடவை அதே இடத்தில் நின்னாலும் வாயை மூடிக்கிட்டுத்தான் நிப்பேன்.

போன மாசம் மறுபடி ஆடினோம். 14-வது குழியிலேயே மேட்ச்சை முடிச்சுட்டார், 5-க்கு 4. நடுவில் ஏழாவது குழியில் எனக்கு ஒரு அடி தூரம்தான் இருந்தது. ஒரே ஒரு அடி! பந்தை எடுக்கலாம்னு குனியப் போனேன்.

"ம்ம்... போடுங்க தம்பி"ன்னார்.