கவுடர் வீட்டுத் தேயிலைக் காடு

ஐப்பசி மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள் கோத்தகிரிக்கு பஸ் ஏறினேன். மேட்டுப்பாளையத்துல இருந்து 33 கிலோமீட்டர்தான், ஆனா ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். பாதி வழியிலயே சட்டைக்குள்ள குளிர் நுழைஞ்சிரும். அடிவாரத்துல வாழைத்தோட்டம் வச்சிருக்கிற எனக்கு மலை தினமும் கண்ணுல படுறதுதான். ஏறிப் போறதென்னவோ வருஷத்துக்கு ஒரு தடவைகூட இல்லை.

போனது சுத்திப் பார்க்க இல்லீங்க. கவுடர் கூப்பிட்டிருந்தார். படகர் பெரியவங்களை எங்க பக்கம் கவுடர்னுதான் சொல்லுவோம். இவர் எனக்கு முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில அவங்க அப்பாவோட மூட்டை இறக்க வருவார், நானும் எங்கப்பாவோட வாழைத்தாரு ஏத்த வருவேன். டீக்கடை பெஞ்சுல ஆரம்பிச்ச சிநேகிதம். போன்ல அவர் சொன்னது ஒண்ணுதான்: "அண்ணா, பையன் காட்டை வித்துரலாம்ங்கிறான். நீங்க விவசாயி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்."

சரிங்கண்ணான்னு சொல்லி வச்சுட்டேன். வச்சப்புறம்தான் வயித்துல ஒரு மாதிரி ஆச்சு. ஏன்னு பின்னால சொல்றேன்.

அவங்க ஊரை ஹட்டின்னு சொல்லுவாங்க. ஓட்டு வீடுகள் ஒண்ணோட ஒண்ணு சுவர் ஒட்டி வரிசையா நிக்கும், முன்னால எல்லாருக்கும் பொதுவா ஒரு நீள வாசல். இப்ப நடுவுல நடுவுல மாடி வீடும் முளைச்சிருக்கு. கவுடரோட அம்மா வெள்ளைத்துணி போர்த்திக்கிட்டு வெயில்ல உக்காந்திருந்தாங்க. குனிஞ்சேன், தலையில கை வச்சு என்னமோ சொல்லி ஆசீர்வாதம் பண்ணினாங்க. படகு பாஷை கன்னடத்துக்குப் பக்கம். பாதி புரிஞ்சுது, மீதி கையோட சூட்டுலயே புரிஞ்சுது.

பட்டணத்துல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நீலகிரின்னாலே தேயிலைன்னு நினைக்கிறோம். வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னால இந்த ஜனங்க விளைய வச்சது சாமையும் ராகியும்தான். 1819ல கோத்தகிரிப் பக்கம் வந்த ஜான் சல்லிவன் கட்டின பங்களா இன்னும் கன்னேரிமுக்குல நிக்குது. அப்புறம் உருளைக்கிழங்கு வந்து நல்லா சம்பாரிச்சுக் குடுத்துது. 1961ல கிழங்குச் செடி வேர்ல நூற்புழுவைக் கண்டுபிடிச்சாங்க. அது மண்ணுக்குள்ளயே வருஷக்கணக்கா கிடக்கும். புழு ஒரு பக்கம், விலை ஒரு பக்கம்னு இழுக்க, சின்ன விவசாயிங்க ஒருத்தர் பின்னால ஒருத்தரா தேயிலைக்கு மாறினாங்க. கவுடர் வீட்டுல கடைசிக் கிழங்கு எடுத்தது 1988லயாம். அவங்கப்பா அன்னைக்கு அழுதார்னு சொன்னார்.

இன்னொண்ணு. இவங்களை மலைவாழ் மக்கள்னு நாம எழுதுறோம், பேசுறோம். ஆனா அரசாங்கத்தோட பழங்குடிப் பட்டியல்ல படகர் இல்லை. சேக்கச் சொல்லி ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டிருக்காங்க. பையன் வேலைக்கு அப்ளிகேஷன் போடறப்ப எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்கிட்ட வந்து நின்னதா கவுடர் சொன்னார்.

சாப்பாட்டுக்கு ராகிக் களியும் அவரை உதக்கவும். அவரைக்கொட்டையைக் குழம்பு மாதிரி பண்றது. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என் சம்சாரத்துக்குப் பக்குவம் கேட்டு எழுதிட்டு வந்திருக்கேன், இன்னும் அந்த ருசி வரலை.

சாப்பிட்டதும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். ஒன்றரை ஏக்கர் சரிவு. நடுவுல சில்வர் ஓக் மரம், அதுல மிளகுக்கொடி. செடிக்குள்ள நாலு பொம்பளைங்க கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு இலையும் ஒரு மொட்டும்தான் நல்ல கொழுந்து. முத்திப் போனா கரட்டு இலைன்னு பேக்டரியில ஒதுக்குவாங்க. மழை விடாம பிடிச்சா கொப்புள நோய், மார்கழியில உறைபனி விழுந்தா செடி கருகிரும். காலையில காட்டெருமை ரெண்டு இறங்கி வந்து நின்னதாம். அதுங்க போற வரைக்கும் யாரும் உள்ள போகலை. கரடி நடமாட்டம் வேற. பொழுது சாஞ்சா கொல்லைப்பக்கம் தனியாப் போறதில்லை.

வரப்புல உக்காந்து கணக்குச் சொன்னார். என் கணக்கு மாதிரியேதான் இருந்துது. வருஷத்துக்கு 6,000 கிலோ பச்சைத்தேயிலை. அன்னைக்கு விலை கிலோ 15 ரூபாய். ஆக 90,000. பறிப்புக்கூலி கிலோவுக்கு 7 ரூபாய்ன்னா 42,000 போச்சு. உரம், மருந்து, கவாத்துன்னு 20,000. மிச்சம் 28,000. மாசத்துக்குப் பிரிச்சா 2,300 சொச்சம். நாலு கிலோவுக்கு மேல பச்சை இலை போட்டாத்தான் ஒரு கிலோ தேயிலைத்தூள் வரும். இலையை இன்னைக்குக் குடுத்தா, என்ன விலைன்னு அப்புறம்தான் தெரியும். நாமளாவது மண்டியில நின்னு தார் விலைக்குச் சண்டை போடறோம்.

சாயங்காலம் பையன் வந்தான். கோயமுத்தூர்ல வேலை, மரியாதையான பையன். காட்டேஜ் கட்டறதுக்கு ஒருத்தர் இடம் கேக்கறாராம், நல்ல விலையாம். கவுடர் டீ போடறேன்னு உள்ள போனார். வேணும்னுதான் போனார்னு எனக்குத் தெரியும்.

இப்ப சொல்லணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால என்னோட மூணு ஏக்கர்ல ரோட்டோரமா இருந்த ஒரு ஏக்கரை நான் சைட் போடறவங்களுக்குக் குடுத்துட்டேன். இங்க எழுதலை, எழுத மனசு வரலை. கவுடர்கிட்டயும் சொல்லலை. இந்த லட்சணத்துல அவர் பையனுக்கு நான் புத்தி சொல்லணும்.

"மண்ணு அம்மா மாதிரி தம்பி"ன்னு ஆரம்பிச்சேன். பையன் தலையாட்டிக் கேட்டான். எனக்கே என் குரல் பிடிக்கலை. நிறுத்திட்டேன். அப்புறம் உள்ளதைச் சொன்னேன். போர்வெல் ரெண்டு போட்டு ரெண்டும் வத்தினது, பொண்ணு கல்யாணக் கடன், வித்த காசுல கடன் அடைஞ்சு ரெண்டு வருஷமா நிம்மதியாத் தூங்கினது, எல்லாம். அந்தப் பக்கம் போறப்ப சைட் கல்லுங்களைப் பாக்காம தலையைத் திருப்பிக்கிறதையும் சொன்னேன். எங்கப்பா வச்ச ஒத்தைப் புளியமரத்தை அவங்க வெட்டின அன்னைக்கு, வீட்டுல இருந்தே சத்தம் கேட்டுது. அதையும் சொன்னேன்.

பையன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "வித்தது தப்புங்கிறீங்களா அங்கிள்?"னான்.

"கடன் இருந்துது தம்பி. உங்களுக்குக் கடன் இருக்கா?"

"இல்லை."

"அப்ப என் கணக்கு வேற, உன் கணக்கு வேற. உங்கப்பா காலையில எந்திரிச்சு எங்க போவாருன்னு மட்டும் யோசிச்சுக்க."

திரும்பிப் பாத்தா கவுடர் வாசப்படியில மூணு டம்ளரோட நிக்கிறார். எவ்வளவு நேரமா நின்னாரோ. டீயைக் கையில குடுத்துட்டு, "எனக்குச் சொல்லவே இல்லையே அண்ணா நீங்க"ன்னார். கோவமா இல்லை. அதுதான் எனக்குத் தாங்கலை.

மறுநாள் வெடிகாலையில மேகம் விலகியிருந்துது. காட்டோட கிழக்கு மூலையில நின்னா கீழே சமவெளி முழுக்கத் தெரியுது. மேட்டுப்பாளையம் எது, எங்க ஊர் எதுன்னு கவுடர் கை நீட்டிக் காட்டினார். என் தோட்டத்தைத் தேடினேன். அவ்வளவு உசரத்துல எல்லாம் ஒரே பச்சைதான், வித்ததும் விக்காததும் பிரிச்சுத் தெரியலை.

கிளம்பறப்ப ஒரு கிலோ தேயிலைத்தூள், ஒரு பை அவரை, பாட்டி மறுபடியும் தலையில கை. பஸ் வர்ற வரைக்கும் பையன்தான் கூட நின்னான்.

போன வாரம் கவுடர் போன் பண்ணினார். இடம் கேட்டவர்கிட்ட ஹெத்தை திருவிழா முடியட்டும்னு பையன் சொல்லியிருக்கானாம். அது மார்கழியில வரும். இலை விலை ஒரு ரூபாய் ஏறியிருக்காம். வாழை என்ன விலைன்னு கேட்டார், சொன்னேன்.